இருபத்து நாலு அணில்கள்

எனக்கு அப்போது எட்டு வயது. கடலூரில் எங்கள் வீட்டில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு வாரமாக அணில் வரைந்துகொண்டிருந்தாள். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி வீடியோ கேம் செய்கிறது. ஆனால் பார்ப்பதற்கு அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் போலவே இருக்க வேண்டுமாம். அதனால் பழையபடி பென்சிலால் தாள் தாளாக வரைய வேண்டும். முழங்கையே இல்லாமல் ரப்பர் குழாய் போல வளையும் கைகள், வெள்ளைக் கையுறை, தட்டு மாதிரிக் கண்கள். அந்த அணில் ஒரு தடவை குதிப்பதைச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால் அத்தைக்கு வேலை. இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

நான் பார்த்தவரை அத்தைக்கு வரையவே வரவில்லை. ஒரே அணிலை இருபத்து நாலு தாளில் வரைந்திருந்தாள். காலில் கொஞ்சம், வாலில் கொஞ்சம், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் பாவமாக இருந்தது. சனிக்கிழமை மதியம் அவள் குளிக்கப் போன நேரத்தில், சுமாராக வந்திருந்த நாலை மட்டும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, மற்றதை வாசலில் நின்ற பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

“மத்ததெல்லாம் எங்கடி?” என்று அத்தை கேட்டாள்.

“நல்லா இல்லாததெல்லாம் பேப்பர்காரருகிட்ட போட்டுட்டேன் அத்த.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு முதுநகர் வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். மணி மூன்று ஆகிவிட்டது. யாருமே என்னைத் திட்டவில்லை. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“கட்டில் மேல ஏறு” என்றாள் அத்தை. “குதி.”

குதித்தேன்.

“திரும்பக் குதி.”

மடியில் அட்டையை வைத்துக்கொண்டு என்னவோ கிறுக்கினாள். எத்தனை தடவை குதித்தேன் என்று குறித்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். நழுவும் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குதிப்பேன். விழுந்து எழுந்ததும் ஒழுகும் மூக்கைத் தோளில் துடைத்துக்கொள்வேன். முட்டி விண்விண்ணென்று வலித்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“விடும்மா, கொழந்த தெரியாம பண்ணிட்டா.”

“இன்னும் ஒரே ஒரு தடவ அண்ணி” என்றாள் அத்தை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த ஒரு தடவை ஐந்தரை மணி வரை நீண்டது. அத்தையைப் போல ஒரு ராட்சசி உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டினேன்.

போன மாதம் சிதம்பரத்தில், கல்லூரி விடுதியில், தோழி லேப்டாப்பில் ஒரு கேமைத் திறந்தாள். கறுப்பு வெள்ளை. திரை முழுக்கப் பழைய கார்ட்டூனின் கீறல்கள். கையுறை போட்ட ஓர் அணில் கிளையிலிருந்து குதித்தது. குதிக்கும்போது ஒரு கையால் டிராயரைப் பிடித்துக்கொண்டது. விழுந்து எழுந்து மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டது. அறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “திரும்பக் குதிக்க வை” என்றேன் நான்.

வேலை கிடைத்த அன்று அத்தை லட்டு வாங்கி வந்தாள். எல்லோருக்கும் ஒன்று, எனக்கு மட்டும் இரண்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு மட்டும் ஏன் இரண்டு என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.