தண்ணீர் நடந்து போகும் நேரம்

சென்ற மாதம் ஒரு காலையில் தொலைபேசி ஒலித்தது. "சார், லோகநாயகி பேசறேன். நைனா பூட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றது குரல். லோகநாயகி என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவள் நைனா என்று சொன்ன அப்பா, ஒரு காலத்தில் நம் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்த கன்னியப்பன்.

போனேன். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். "சார் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று யாரோ சொன்னார்கள். எழுந்து, "உழைப்பாளி, நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அது பொய்யில்லை. ஆனால் நான் சொல்ல வேண்டியிருந்தது வேறு. ஐம்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றும் சொல்லவில்லை. அதனால்தான் ஊராராகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நீர்க்கட்டி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏரியின் மடையைத் திறப்பதும் மூடுவதும், யார் வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்று முறை வைப்பதும் அவர் வேலை. அறுவடையானதும் களத்துக்குக் களம் ஒரு கட்டுக் கதிர் அவருக்குக் கொடுப்பார்கள். கன்னியப்பனின் அப்பாவுக்கும் அதே வேலைதான். கன்னியப்பனிடம் கடிகாரம் கிடையாது. வெயிலில் நிமிர்ந்து நிற்பார். தலை நிழல் விழுந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பாதத்தோடு பாதம் வைத்து அந்த நிழலை அளப்பார். "ஒம்பது அடி. இன்னும் நேரம் கீது" என்பார். காலையில் நிழல் வேகமாகச் சுருங்கும், உச்சியில் மெதுவாகச் சுருங்கும். அதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருமுறை அவரை ஏரிக்கரையில் பார்த்தேன். கொட்டும் மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தபடியே நடந்துகொண்டிருந்தார். நண்டு வளை தேடுகிறாராம். "இன்னா சார் பாக்கற? ஏரி ஒடையறது பெரிய ஓட்டைல இல்ல. விரல் போற ஓட்டைல" என்று சொல்லிவிட்டு, களிமண்ணை உருட்டி ஒரு வளைக்குள் குதிகாலால் அடைத்தார். இந்த உதாரணத்தை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம் மழை பொய்த்தது. தை மாதத்திலேயே ஏரி பாதிக்கு வந்துவிட்டது. மடைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த தலைமடைக்காரர்களிடையே ஒரு பேச்சு கிளம்பியது. கால்வாயின் கோடியில் இருந்த கடைமடை வயல்களைக் கன்னியப்பன் தெருக்காரர்கள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். அவர்களுக்கு அவர் கூடுதலாகத் தண்ணீர் விடுகிறார் என்பது அந்தப் பேச்சு. ஊர்ப் பெரியவர் வரதப்பர் என்னைத் தேடி வந்தார்.

"சார், உன் கைல கடிகாரம் கீது. நீ வெளியூரு, யாருக்கும் சொந்தம் கெடையாது. நாலு நாளு மடைல குந்தி, எப்ப தொறக்கறான் எப்ப மூடறான்னு எழுதிக் குடு."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரே என் கடிகாரத்தை நம்புகிறது என்பதில் பெருமையாக இருந்தது. நான்கு நாள் காலையில் மடையில் உட்கார்ந்தேன். தலைமடைக்குத் திறந்து மூட ஒரு மணி நேரம். கடைமடைக்கு ஒன்றேமுக்கால் மணி. நான்கு நாளும் அப்படியே. அதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினேன்.

கோவில் முன்னால் கூட்டம் கூடியது. தாளைப் படித்தேன். கன்னியப்பன் கைகட்டி நின்றார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனாலும் ஊர் வழக்கப்படி நானும் அவரை "நீ" என்றுதான் பேசிவந்தேன்.

"சார், மடை தொறந்தா தண்ணி ஒடனே அங்க இருக்குமா? நடந்து போவ நேரம் வேணாமா?" என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, "தண்ணிக்குக் காலு இருக்கா, கன்னியப்பா?" என்றேன்.

கூட்டம் முழுவதும் சிரித்தது. ஒருவர், "செருப்பு வாங்கிக் குடுடா தண்ணிக்கு!" என்று கத்தினார். மடைச் சாவியைக் கன்னியப்பனிடமிருந்து அன்றே வாங்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் கடிகாரப்படி ஒரு மணி நேரம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அவருக்குக் "கள்ளமடை" என்று பெயர். உங்களில் சிலரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குத் தகப்பன் நான்தான்.

பங்குனி பிறந்தபோது அந்தத் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். விசாரித்தால், காய்கிற பயிருக்குக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கிறார்கள் என்றார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. ஒரு சனிக்கிழமை, கடைமடை முறை நாளில், காலை ஏழு மணிக்கு மடைக்குப் போனேன். வரதப்பரின் ஆள் மடையைத் திறந்தார். நான் தண்ணீரின் முனையோடு சேர்ந்து கால்வாய்க் கரையில் நடந்தேன்.

அதை நடை என்றுகூடச் சொல்ல முடியாது. நுரையும் சருகுமாக நாலு முழம் நகரும். ஒரு வெடிப்பைக் கண்டதும் நின்று, அது நிறையும்வரை காத்திருந்து, மறுபடி நகரும். காய்ந்த மணல் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கடைமடையில் கன்னியப்பனின் மனைவி எல்லம்மா மண்வெட்டியோடு நின்றிருந்தார். தண்ணீரின் முனை அவர் காலடிக்கு வந்தபோது என் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மணி இன்னா சார்?" என்றார்.

"ஏழு நாற்பத்தஞ்சு."

"எட்டுக்கு மூடிடுவாங்க" என்று சொல்லிவிட்டு வரப்பை வெட்டத் தொடங்கினார்.

முக்கால் மணி வழியிலேயே போய்விட்டது. மடையை மூடியதும் கால்வாயில் மிச்சம் இருப்பதை மணல் குடித்துவிடும்; பயிருக்கு மீதி கால் மணிதான். கன்னியப்பன் கொடுத்துவந்த ஒன்றேமுக்காலில் இந்த முக்காலைக் கழித்தால் சரியாக ஒரு மணி. நிழலை மிதித்து அளந்தவர் என் கடிகாரத்தோடு ஒத்துப்போயிருந்தார். ரயில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது என்று தினமும் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். தண்ணீர் புறப்பட்ட நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, போய்ச் சேர்ந்த நேரத்தை எழுதாமல் விட்டுவிட்டேன்.

நேராக வரதப்பர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வுடு சார். பத்து பேரு முன்னால படிச்ச காயிதம். இப்ப தப்புன்னா, வாத்தியாருக்குக் கணக்கு தெரிலன்னுவாங்க. நாளைக்கி எவன் புள்ளைய அனுப்புவான்? மோரு குடி" என்றார். அவர் தடுத்துவிட்டார் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கடைமடைப் பயிர் அந்த வருடம் கருகியது. அறுவடைக்குக் கன்னியப்பன் எந்தக் களத்துக்கும் போகவில்லை. சில காலம் செங்கல் சூளையில் வேலை செய்தார். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும், ஒரு வார்ப்படக் கம்பெனியில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். கடைமடை வயல்களையும் பிறகு ஒரு கம்பெனி வாங்கிச் சுவர் எழுப்பியது. இனித் தண்ணீர் முறையைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை என்று நினைத்தேன். அதிலும் எனக்கு ஒரு நிம்மதி. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஒருநாள் மாலை ரயிலில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"இன்னா வாத்தியாரே, சௌக்கியமா?"

"வேலை எப்படி?"

"பேஜாரு இல்ல சார். சங்கு ஊதுனா போறேன், சங்கு ஊதுனா வரேன். நெழல மிதிக்கற வேல இல்ல" என்று சிரித்தார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "கன்னியப்பா, அன்னிக்கு அந்தத் தாள்ல நான்…" என்று தொடங்கினேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "தெரியும் சார். நீ தண்ணிகூடவே நடந்து வந்தியாமே, எல்லம்மா வந்து சொல்லிச்சி. 'வாத்தியாரு கண்ணால பாத்துட்டாரு, வர்ற கூட்டத்துல சொல்லிடுவாரு'ன்னு சொல்லிக்கினே இருந்துச்சி. ரெண்டு மாசம் காத்துக்கினு இருந்தோம். அந்த ரெண்டு மாசமும் நான் சூளை வேலைக்கிக்கூட ஒத்துக்கல சார். மடைக்கி ஆளு வேணும்னு கூப்ட்டா நான் ஊட்ல இல்லாம போயிட்டா இன்னா பண்றதுன்னு."

அதில் கோபம் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அவர் வேலைக்கு இறங்க வேண்டிய நிலையம் வந்தது. "புள்ளைங்க சௌக்கியமா சார்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். நான் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். லோகநாயகி கல்யாணத்தில் என்னைப் பந்தியில் உட்கார வைத்து அவரே பரிமாறினார். நான் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஊரார் முன்னால் செய்ததை ஊரார் முன்னால்தான் திருத்த வேண்டும். அதனால் இங்கே எழுதுகிறேன். கோவில் முன்னால் நான் படித்த தாள் தவறு. கன்னியப்பன் யாருக்கும் ஒரு நொடி கூடுதலாகத் தண்ணீர் விட்டதில்லை. ஊரில் சரியாகக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான். அவரைக் கள்ளமடை என்று அழைத்தவர்கள் இனி அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடட்டும்.

அவருடைய நினைவாக என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை. பங்குனியிலிருந்து வைகாசி வரை, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று வேலைக்குப் போகாமல் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அந்த வாசலுக்கும் என் வீட்டுக்கும் மூன்று தெருத்தான். நான் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை.