மூன்றாவது தபால்தலை

இருபத்திரண்டு வருடமாகத் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள் என்பதால் தெருவில் அவளுக்கு முத்திரையம்மா என்றே பெயர். ஆனால் பழைய தபால்தலை கிடைத்தால் ஒருவரும் அவளிடம் கொண்டுவருவதில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் அவள் நாத்தனாரைத்தான் தேடிப் போவார்கள். நாத்தனாரிடம் ஒரு லென்ஸும் தலையணை கனத்தில் இரண்டு பட்டியல் புத்தகங்களும் உண்டு. "என் தங்கச்சி கண்ணுல பட்டா தப்பாது" என்று முத்திரையம்மாவின் கணவர் சொல்லாத நாள் கிடையாது. கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பதை அறிந்து, மருந்துக்கடைக்காரர் ஒரு பழைய உறையோடு வந்துவிட்டார். அப்பாவின் பெட்டியில் கிடைத்ததாம். கதவைத் திறந்த முத்திரையம்மாவிடம், "அவங்க இருக்காங்களா?" என்றார். எவங்க என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

உறையில் மூன்று தபால்தலைகள். நாத்தனார் லென்ஸை வைத்து ஓரத்துப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"இப்படிப் பல்லு எண்ணுறதுக்கு டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் நீ," என்றாள் முத்திரையம்மா, டீயை வைத்தபடி.

"பல்லு ஒண்ணு கூடினாலும் ஸ்டாம்பே வேற, அண்ணி."

முதல் இரண்டும் சாதாரணம். மூன்றாவது, ஆரஞ்சு நிறத்தது, நெருக்கமான பற்களோடு கொஞ்ச நாள் மட்டும் அச்சானது, அபூர்வம் என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். மருந்துக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் ஊர்க் கண்காட்சியில் உறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே அட்டையில் 'கண்டறிந்தவர்' என்று நாத்தனாரின் பெயரைப் போடுவேன் என்றார்.

முத்திரையம்மா டீக்கோப்பையை எடுக்கக் குனிந்தாள். பற்கள் அவள் கண்ணில் படவில்லை, முத்திரைதான் பட்டது. தபால்தலையில் பாதி, காகிதத்தில் பாதி என்று விழுந்தால்தான் முத்திரை வட்டம் முழுசாகும். முதல் இரண்டிலும் அப்படியே இருந்தது. ஆரஞ்சில் மட்டும் வட்டம் விளிம்போடு நின்றுவிட்டது, வெளியே காகிதத்தில் பொட்டு மை இல்லை. வேறு உறையிலிருந்து உரித்து யாரோ இதில் ஒட்டியிருக்கிறார்கள், உறை போலி.

வாய் வரை வந்ததை விழுங்கினாள். இப்போது சொன்னால் நாத்தனார் திருத்திக்கொள்வாள், பெயரும் அவளுக்கே போகும். கண்காட்சியில் நாலு பேர் முன்னால் சொன்னால் அட்டையில் பெயர் மாறியாக வேண்டும். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் அவள் குத்திய குத்தில் மேசை ஆடியது.

கண்காட்சியில் கூட்டம் சேர்ந்ததும் சொன்னாள். நாத்தனார் லென்ஸோடு வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"அண்ணி சொல்றதுதான் சரி. நான் பல்லை மட்டும் பார்த்தேன், முத்திரையப் பார்க்கல. எப்ப கவனிச்சீங்க அண்ணி?"

"அன்னைக்கு டீ கொடுக்கும்போதே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, போலின்னு கண்டுபிடிச்சது நீங்கதான்னு உங்க பேரையே போட்டிருப்பேனேம்மா. அபூர்வம்னு வெச்சு, இத்தனை பேர் முன்னால போலின்னு ஆனப்புறம் இதை எப்படி வைக்கிறது?"

பெட்டியைத் திறந்து உறையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அட்டையையும் எடுத்துவிட்டார்.

கூட்டம் கலையவில்லை, நாத்தனாரைச் சுற்றிக்கொண்டது. இவ்வளவு படித்தவர் சபையில் தப்பை ஒத்துக்கொள்கிறாரே என்று ஒருவர் வியந்தார். இன்னொருவர் தன்னிடமும் பழைய உறை இருப்பதாகச் சொல்லி அவளிடம் முகவரி கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கணவர் சொன்னார்: "என்ன இருந்தாலும் என் தங்கச்சிக்குப் பெரிய மனசு."

"வாயை மூடிட்டு வாங்க," என்றாள் முத்திரையம்மா. அவர் அதையே இன்னொரு முறை சொன்னார்.