ஆள் இல்லை என்று திருப்பிய பார்சல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் வலது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. கதை விடுவதற்காக எவனும் விரலை இழக்க மாட்டான்.

ஒரு பெரிய ஆபீசின் அடித்தளத்தில் பார்சல் ரூம். நானும் என் மச்சினனும்தான் அங்கே வேலை. வருகிற பார்சலை நான் இறக்கி வைப்பேன். அவன் ஸ்கேனரைக் காட்டுவான். 'பீப்.' பிறகு மேல்மாடிக்கு போன் போட்டு, பெயருக்குரிய ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் 'ஆள் இல்லை' என்ற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும்.

மச்சினன் சாயங்காலம் ஆனால் போனையே தொட மாட்டான். மிச்சம் கிடப்பதற்கெல்லாம் ஸ்டிக்கர்தான்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒட்டுடா."

"வேணும்னா அவனே இறங்கி வருவான் மாமா. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

அந்தப் பார்சலையும் அப்படித்தான் திருப்பினான். முழ நீளம் இருக்கும். மேலே ஓர் ஆண் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தேன், கேள்விப்படாத பெயர். இரண்டு நாளில் திரும்பி வந்தது. மூலை நசுங்கியிருந்தது. திருப்பினான். மறுபடியும் வந்தது. இந்தத் தடவை உள்ளேயிருந்து யாரோ குத்தியதுபோல அட்டை புடைத்திருந்தது.

"எவனோ நம்மகிட்ட வெளையாடுறான்" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு ஸ்டிக்கரை எடுத்தான்.

மணி அஞ்சே முக்கால். நான் முகம் கழுவப் போனேன்.

'பீப்.'

'பீப்... பீப்... பீப்...' நிற்கவே இல்லை.

"டேய், என்னடா பண்றே?"

தரையில் எதுவோ உதைத்துக்கொண்டது. தட்... தட்...

ஓடினேன்.

ஸ்கேனர் மேஜைமேல் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. மச்சினன் தரையில் கிடந்தான். கழுத்தில் பார்சல் கட்டுகிற பட்டை. முகம் கறுத்து, நாக்கு வெளியே வந்துவிட்டது.

பட்டையின் நுனியை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் இறுகியது. கிர்ர்... கிர்ர்... யாரோ நிதானமாகத் திருகுவதுபோல.

கத்தியால் அறுத்தேன். கத்தி முறிந்தது.

விரலை நுழைத்தேன். எலும்பு நொறுங்கியது என் காதிலேயே கேட்டது.

ரத்தம்...

அவன் கால்கள் உதைப்பது நின்றுவிட்டது.

"ஆள் இருக்காரு!" என்று அலறினேன். பார்சலில் இருந்த பெயரைச் சொல்லி அலறினேன். "இருக்காரு! இங்கதான் இருக்காரு!"

ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பட்டை தளர்ந்தது.

மச்சினன் பிழைத்தான். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த சூப்பர்வைசர் பட்டையைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இரும்பாச்சேய்யா. நம்மகிட்ட பிளாஸ்டிக் மட்டும்தானே?"

இரும்புப் பட்டை கட்டும் மெஷினை, நாங்கள் சேருவதற்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். அது அங்கே வேலை பார்த்த ஒருத்தன் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டதாம். அவன் பெயரைச் சொன்னார். அதே பெயர்.

அவன் உடனே சாகவில்லையாம். புருஷனைத் தேடி அவன் சம்சாரம் பார்சல் ரூம் கவுண்டருக்கு வந்தபோது, உள்ளே உயிரோடு உதைத்துக்கொண்டுதான் இருந்தானாம். கவுண்டரில் இருந்தவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டான்.

"ஆள் இல்லைம்மா."