ஒரு பள்ளம் குறைவு

"கொஞ்சம் அப்படியே இருங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் காமிராப் பொத்தானை அழுத்துகிறார் டச்சிங்காரர். எதிரில் இருப்பது நிலா. ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்தவர்களிடம் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வாக்கியம் மொட்டைமாடி வரைக்கும் கூடவே ஏறி வந்துவிட்டது. நிலாவும் மற்ற வாடிக்கையாளர்களைப் போலத்தான். சொல்லச் சொல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பாஸ்போர்ட் படம் எடுப்பது உபதொழில். அசல் தொழில் டச்சிங். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு, தழும்பு, கருவளையம், மூக்கில் விழுந்த பளபளப்பு எல்லாவற்றையும் துடைத்தெடுப்பார். "ஆண்டவன் அவசரத்துல விட்டத நாம பொறுமையா பாக்கறோம், அவ்வளவுதான்" என்பார். ஏதோ ஒரு அலுவலகத்தில், படத்தில் இருப்பது நீங்கள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாக ஒருவர் சண்டைக்கு வந்தார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படம் சரியாத்தான் இருக்கு. நீங்க கொஞ்சம் தூங்கி எழுந்து போங்க" என்றார் டச்சிங்காரர். சாப்பிடும்போது அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் மனைவி முந்தானையால் கன்னத்தை மூடிக்கொள்வாள்.

நிலாவிடம் அவர் போனதே இந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தான். "இந்த ஒரு மூஞ்சிலதான் எனக்கு வேல இல்ல" என்பது அவர் கட்சி. கைமாறி வந்த காமிரா. கழுத்தில் டேப் சுற்றிய நீள லென்ஸ். கடை அடைத்ததும் நேரே மாடி. முழுநிலா அவருக்கு ஆகாது. நேருக்கு நேர் வெளிச்சம் அடித்த முகம் மாதிரி சப்பையாக இருக்கும். அரைநிலாவில்தான் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து குழியும் மேடும் எழுந்து நிற்கும். இருநூறு படம் எடுப்பார். காற்று நடுங்குவதால் முக்கால்வாசி கலங்கியிருக்கும். தெளிந்த முப்பதைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஒரே படமாக்குவார். அதுவும் டச்சிங்தானே என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "முப்பது பேர் ஒரே சாட்சி சொன்னா அத நம்பறோமில்ல? அந்த மாதிரி."

மனைவியின் தம்பிக்கு இந்தப் பாடு புரிவதில்லை. ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் போன். பால்கனியில் சாய்ந்தபடியே அதைவிடப் பளிச்சென்று ஒரு நிலாவை எடுத்துக் காட்டினான். டச்சிங்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த போன் நிலாவ பாக்கல மாப்ள. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்குது."

"ஒப்பிச்சாலும் நூத்துக்கு நூறு மாமா."

"நான் எதையும் சேர்க்கறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் இதையே சொன்னார்.

நூலக மாடியில் வானம் பார்க்கும் சங்கத்தார் வைத்த கண்காட்சிக்கும் இதுதான் விதி: சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது. அவருடைய எட்டாம் நாள் நிலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். லட்சம் முகங்கள் அவர் கைவழியே போயிருக்கின்றன. அத்தனை படங்களின் முதுகிலும் இருப்பது முதலாளியின் ஸ்டூடியோ முத்திரை. முதல் தடவையாக ஒரு படத்தின் கீழே ஒரு சிறு அட்டையில் அவர் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. மனைவி சட்டையை இரண்டு முறை தேய்த்தாள்.

திறப்பு நாலு மணிக்கு. இரண்டு மணிக்கே சங்கச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். ஓய்வு பெற்ற பூகோள டீச்சர். நிலாவை வகுப்பறை போல அறிந்தவர். பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் நிறுத்தினார்.

"இங்க ஒருத்தர் ஆப்சென்ட்" என்றார். "எப்பவும் தனியா உக்காந்திருக்கறவரு."

கருத்த சமவெளி ஒன்றின் நடுவே ஒற்றைப் பள்ளம் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று கிடந்தது. டச்சிங்காரர் எகிறினார். காற்று என்றார், லென்ஸ் என்றார். கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் மூலப் படங்களைத் திறந்தார். முப்பதிலும் அந்தப் பள்ளம் இருந்தது. அடுக்கிய படத்திலும் இருந்தது. அச்சுக்குப் போனதில் மட்டும் இல்லை. கீழே குண்டும் குழியுமான பகுதியில் ஒன்றுகூடக் குறையவில்லை. அது அவர் கண்ணுக்குச் சவரம் செய்யாத தாடை. வழவழத்த கன்னத்தில் தனியாக ஒரு புள்ளி என்றதும் அவரைக் கேட்காமலே கை வேலையை முடித்திருக்கிறது.

"கை போயிருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, புதிதாக அச்சடிக்கக் கடை கிடையாது. படத்தை இறக்கிவிடலாம் என்றார் டீச்சர். கூட வந்திருந்த மைத்துனன், வருகிறவர்கள் பள்ளத்தை எண்ணிப் பார்க்கவா போகிறார்கள், பேசாமல் இருங்கள் மாமா என்று காதைக் கடித்தான். டச்சிங்காரர் பெயர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, படம் இருக்கட்டும், பக்கத்தில் நின்று நானே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டார். டீச்சர் யோசித்தார். வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதுபோல் இந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். சரி என்றார்.

நாலு மணியிலிருந்து சொன்னார். "இந்த எடத்துல ஒரு பள்ளம் இருக்குங்க. நான் எடுத்துட்டேன்." ஒவ்வொருவருக்கும் விரலை வைத்துக் காட்டினார். ஒரு பெரியவர், "பத்திரமா வச்சிருக்கீங்கள்ல?" என்று விசாரித்தார். ஒரு பெண்மணி அவரை அடையாளம் கண்டு, தன் அண்ணன் கல்யாண ஆல்பத்தில் நெற்றித் தழும்பைக் காணோமே, அதுவும் நீங்கள்தானா என்றார். அதையும் ஒப்புக்கொண்டார். மற்றப் படங்களை ஒரு நிமிஷம் பார்த்து நகர்ந்த கூட்டம், இல்லாத பள்ளத்தைப் பார்க்க வரிசையில் நின்றது.

ஆறரைக்குக் கூடம் காலியானது. மைத்துனன்தான் முதலில் கவனித்தான். படத்தின் மேல் விரல் படக் கூடாது என்று ஸ்டூடியோவில் முதலாளியையே கடிந்துகொள்கிறவர், இரண்டரை மணி நேரமாகத் தொட்டுத் தொட்டுக் காட்டியதில் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு வியர்வை அழுக்கு படிந்திருந்தது.

டச்சிங்காரர் குனிந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து உதறினார். முனையை விரலில் சுற்றி, லேசாக ஊதி, படத்தருகே கொண்டுபோனார். ஒரு நூல் இடைவெளியில் கை நின்றது.

கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.