கண்ணாடி மேசையில் வைத்த கறிச்சட்டி

சிங்கப்பூரில், புக்கிட் காத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை வாங்கப் போனபோது, வேலை முடிந்து வந்து துடைக்கச் சுலபமாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். "கண்ணாடியே எடுப்போம்லா, ஒரு தடவ துடைச்சா போதும்" என்றேன். கணவரும் சரியென்றார்.

தீபாவளிக்கு உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்த அன்று, விடியற்காலையிலிருந்து சமைத்த களைப்பில், அடுப்பிலிருந்து இறக்கிய ஆட்டுக்கறிச் சட்டியை அப்படியே அதன்மேல் வைத்துவிட்டேன். மேசைக்கடியில் என் சின்ன மகள் விளையாடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா, தீபாவளிக் காசு வைத்த அங்பாவ் உறையை நீட்டி, "பாப்பா, அங்பாவ் வேணாமா?" என்று கூப்பிட, அவள் எழுந்து ஓடினாள். அடுத்த நொடி கண்ணாடி படாரென்று வெடித்தது. தரையெல்லாம் கொதிக்கும் கறியும் கண்ணாடிச் சில்லும்.

இப்போது மர மேசை. சட்டிக்கடியில் மறக்காமல் பலகை வைக்கிறேன். மரத்தில் சிந்திய கறியின் மஞ்சள் கறை எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். அதனடியில் அவள் இன்னும் விளையாடுகிறாள்.