நோன்பு மாதத்தில் தண்ணீர்

காத்தான்குடியில் பெண் கல்யாணம் முடிந்து எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஏறாவூரிலிருந்து என்னவர் வந்தபோது பெட்டியோடு தாகத்தையும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் கிணறு உவர். உப்பு வாவி பக்கத்தில் இருந்தால் அப்படித்தான். குடிக்கிற தண்ணீரைப் பள்ளிவாசலுக்கு முன்னாலிருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து ஒரு கிழவி காலையும் மாலையும் சுமந்துவந்து ஊற்றுவாள். அது அவர் ஒருவருக்கே பற்றவில்லை.

குடிப்பார், குடித்த கையோடு சலம் கழிக்க வளவின் கோடிக்கு ஓடுவார், திரும்பி வந்து மறுபடியும் குடிப்பார். தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் குடம் இருக்க வேண்டும். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மச்சான், வாவிய மட்டும் உட்டு வெச்சிருங்க" என்பேன்.

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரி வந்தார். சலத்தை மண்ணில் ஊற்றச் சொன்னார். சர்க்கரை வியாதி என்றால் எறும்பு மொய்க்குமாம். ஒரு எறும்புகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புளியந்தீவில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பாவுக்கு அது போதும். எதையும் அளந்து கிழித்துக் கொடுத்துப் பழகியவர். "இது நோய் வருத்தமில்ல, பழக்கம்" என்று முடித்துவிட்டார்.

பிறகு நோன்பு வந்தது. முதல் நாள் மதியம், அவர் உவர்க் கிணற்றில் வாளியை இழுத்து வாளியோடு குடிப்பதை அடுப்படியிலிருந்து கண்டேன். அந்தத் தண்ணீரில் நாங்கள் சட்டிபானைதான் கழுவுவோம். ஆசைக்குக் குடிக்கிறவர் அதைக் குடிக்கமாட்டார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாப்பாவும் கண்டார். அவருக்கு விளங்கியது வேறு.

"நோன்பு புடிச்சா எல்லாருக்கும் தாகந்தான். தாகமும் ஒரு வருத்தமா? நாளைக்கு எனக்கு முன்னால இரிந்து புடிக்கட்டும். இல்லாட்டி ஏறாவூருக்கே போகட்டும்."

என்னவர் "சரி மாமா" என்றார். அதுதான் எனக்குக் கோபம். மறுநாள் வாப்பாவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஆனால் வளவின் கோடிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. குடிக்காத மனிதரிடமிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்ததை வாப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு என்னவருக்குப் பேச்சுக் குழறியது. நெற்றியைத் தொட்டேன். அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை. என்னைத் தன் தாயென்று நினைத்து "உம்மா" என்றார். கோப்பையில் தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன்.

"மகள்!" என்று வாப்பா அதட்டினார்.

"செத்து மௌத்தான ஆள் நோன்ப எங்க புடிக்கிற, வாப்பா?" என்றேன். வாப்பாவிடம் அப்படி நான் பேசியது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

வண்டில் பிடித்துப் புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் வாப்பாவிடம் சொன்னதைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மூளைக்கு அடியில் கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். தண்ணீரை விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் சாறு அதிலிருந்துதான் இரத்தத்தில் கலக்கிறதாம். இவருக்கு அது இல்லை. குடிப்பதெல்லாம் அப்படியே போய்விடும். குடிக்காவிட்டால் வியர்க்கக்கூடத் தண்ணீர் மிஞ்சாது. சூட்டை இறக்க வழியில்லாமல் உடம்பு கொதிக்கும்.

"தாகம்தான் இவரை இவ்வளவு நாளும் காப்பாத்தி வந்திருக்கு. நீங்கள் அதைத்தான் மறிச்சிருக்கிறீங்கள்" என்றார் டொக்டர்.

மாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அடுத்த நாள் வீட்டில் சோறு தின்றுவிட்டு அரைக் கோப்பை தண்ணீர் குடித்தார். "போதும்" என்று கோப்பையை வைத்தார். தண்ணீர் விஷயத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உலக யுத்தம் வந்து கப்பல் வரத்துக் குறைந்தது, மருந்து நின்றது, தாகம் திரும்பியது. அடுத்த நோன்பும் வந்தது. இப்படிப்பட்ட நோயாளி நோன்பு பிடிக்க வேண்டாம், பதிலுக்கு ஏழைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லியிருந்தார். மார்க்கம் இடம் கொடுத்தது. ஊர்க் கண் கொடுக்குமா? அவர் தறிக்கூடத்துக்குள் ஒளிந்துதான் குடித்தார். கிழவியும் நோன்பு, பகலில் சுமக்கமாட்டாள். ஒரு நாள் உச்சிப் பொழுதில் குடம் காலியாகிவிட்டது. அவர் எழுந்து உவர்க் கிணற்றுப் பக்கம் போனார்.

வாப்பா பார்த்தார். குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, வேலிக் கடப்பைத் திறந்து தெருவில் இறங்கினார். லுஹருக்கு ஊரே பள்ளிவாசல் முன்னால் நின்ற நேரம். நான் கிடுகு வேலியின் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தை நிறைத்துக்கொண்டு திரும்பியவரை, எங்கள் கடப்படியில் ஒருவர் மறித்தார்.

"என்ன முதலாளி, நோன்பு பகல்ல தண்ணி? ஆருக்கு?"

"மருமகனுக்கு. அவருக்கு வருத்தம்."

"என்ன வருத்தம்?"

வாப்பா குடத்தைத் தோள் மாற்றினார். குடம் தளும்பி அவர் சட்டையை நனைத்தது.

"தாகம்" என்றார்.