தைக்கோ மேளமும் என் எஸ்டேட் குரலும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளி விடுதியில் மற்ற பெண்கள் சிரித்ததால், ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டில் எங்கள் ஆட்கள் பேசுவதுபோல் உரக்கப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்களிடம் 'தைக்கோ' என்ற அவர்கள் ஊர் மேளத்தைக் கற்றேன். குழுவில் நான் ஒருத்திதான் தமிழச்சி. தைக்கோ அடிப்பவர் நடுநடுவே கூவ வேண்டும். அந்தக் கூவலைக் கேட்டுத்தான் மற்றவர்கள் அடியெடுப்பார்கள். எனக்கோ குரலே எழும்பாது.

ஏற்காட்டில் ஒரு பள்ளி விழாவுக்கு வாசிக்க வந்தோம். அதற்கு முந்தின நாள் மதியம் பக்கத்தில் என் ஊரான நாகலூரில், எங்கள் வீட்டுக்கு மேலே காப்பிக் கொட்டை காயவைக்கும் களத்தில் ஒத்திகை.

"கை சரியாக இருக்கிறது. குரல் வராவிட்டால் நாளைக்கு உன்னை மேடையேற்ற முடியாது" என்றார் குழுத் தலைவி ஹருமி.

அப்போது கீழே வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஏ கண்ணூ! சோறு ஆறுது, அவிங்களையுங் கூட்டிட்டு வா சாமீ!"

"வாரேம்மோவ்!" யோசிக்காமல் அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டேன். எதிர்ச் சரிவில் மோதி அது திரும்பி வந்தது. வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஹருமி என் கையை விலக்கினார். "இதை ஏன் இத்தனை மாதம் ஒளித்து வைத்தாய்?"

விஷயம் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கத்தறதுக்கா கண்ணு இத்தன நாளு பயந்த? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே வந்து கத்தியிருப்பனே!"

மறுநாள் முதல் கூவலை ஹருமி எனக்கே கொடுத்தார். கூவினேன். எட்டு மேளங்களும் ஒன்றாக அதிர்ந்தன.

இப்போதெல்லாம் அலுவலகக் கூட்டத்திலும் கடைசி நாற்காலிக்குக் கேட்கும்படிதான் பேசுகிறேன்.